சிரட்டைக்கரி ஏன் காரீயம் ஆவதில்லை
கரியின் வரலாறு – எட்டாம் பகுதி

கடந்த பகுதி முழுவதும் போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயத்தோடு கழிந்தது. பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகப் படிந்த அந்தக் கனிமம் கிட்டத்தட்டத் தூய காபன். அதன் அணுக்கள் தாள் தாளாகப் பரந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் அடுக்கப்பட்டவை. இந்தப் பகுதிக்குத் தீவின் கிழக்குக் கரைக்கு வருவோம். கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி, செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று நீளும் வீதியில் போகிறவருக்கு இடது கைப்பக்கம் கடல், வலது கைப்பக்கம் மட்டக்களப்பு வாவி. நடுவே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை மணலில் தென்னை. தென்னையில் தேங்காய், தேங்காயில் சிரட்டை, சிரட்டையில் கரி.

அந்தக் கரியும் காபன்தான். ஆனால் அதை உலையில் வைத்து 3000 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினாலும் அது காரீயமாக மாறாது. மசகுத் தாரிலிருந்து எடுத்த கற்கரி அதே சூட்டில் அழகாகக் காரீயமாகிவிடும். ஒரே மூலகம், ஒரே சூடு. முடிவு மட்டும் வேறு. இதற்கான விடை 1951ஆம் ஆண்டில்தான் அச்சில் வந்தது. அந்த விடை வருவதற்கு முன்பே உலகம் கரியை வைத்து விளக்கேற்றிவிட்டது, நச்சுவாயுவைத் தடுத்துவிட்டது, தொலைபேசியில் பேசியும்விட்டது. புரிதல் பின்னால் வந்த வரலாறு இது.

முதலில் குழியைப் பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியத் தோட்டக்காரர்கள் மட்டக்களப்பில் பெரிய தென்னந்தோட்டங்களை உருவாக்கினார்கள். தோட்டம் வந்ததும் கொப்பறாப் போறணை வந்தது. போறணைக்கு எரிபொருள் சிரட்டை. புகை குறைவு, சூடு சீர். எஞ்சிய சிரட்டை வீட்டு அடுப்புக்கும், கரியாக்கியது கொல்லர் உலைக்கும் தட்டார் பட்டறைக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் போனது. கரி எடுக்கிறவர் மணலில் குழி தோண்டி, அடியில் கொஞ்சச் சிரட்டையைக் கொளுத்துவார். தீ நன்றாகப் பிடித்ததும் மேலே சிரட்டை போட்டுக்கொண்டே இருப்பார். தீ நாக்கு வெளியே தெரியும்போதெல்லாம் அடுத்த கூடை விழும். குழி நிறைந்ததும் பச்சை ஓலையும் வாழைமட்டையும் பரப்பி, மண் போட்டுக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவார். முதலில் வருவது வெள்ளைப் புகை. அது பெரும்பாலும் நீராவி. பிறகு கண்ணைக் கரிக்கும் தடித்த மஞ்சள் புகை. கடைசியில் மெல்லிய நீலம். இரண்டு மூன்று நாள் ஆறவிட்டுத் திறந்தால், போட்ட சிரட்டையின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரி கிடைக்கும்.

நல்ல கரியை அறிவது சுலபம். சீமெந்துத் தரையில் போட்டால் உலோகம் விழுந்த ஓசை வரும். உடைத்தால் முகம் வழுவழுப்பாக, நீலம் கலந்த கறுப்பில் மினுங்கும். கையில் அவ்வளவாக ஒட்டாது. அரைகுறையாக வெந்தது பழுப்பாக இருக்கும், ஓசை மந்தமாக இருக்கும், உலையில் போட்டால் புகையும். கரி வாங்குகிற தட்டார் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின்மேல் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். அந்த ஓசையில் அவர் கேட்பது என்ன என்பதை இந்தப் பகுதியின் இறுதிக்குள் சொல்லிவிட முடியும்.

குழிக்குள் நடந்தது இதுதான். சிரட்டை என்பது செலுலோசும் லிக்னினும் சேர்ந்த கெட்டியான பொருள். இரண்டிலும் காபனோடு ஒட்சிசனும் ஐதரசனும் நிறைய. சூடு 200 பாகையைத் தாண்டும்போது இவை சிதையத் தொடங்கும். நீராவி, காபனீரொட்சைட்டு, அசற்றிக் அமிலம், தார் என்று ஒட்சிசனும் ஐதரசனும் வெளியேறும். 500 பாகைக்குள் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சும் காபன் அணுக்கள் தங்களுக்குள் புதிதாகப் பிணைந்துகொள்ள வேண்டும். ஆனால் சிரட்டை எந்தக் கட்டத்திலும் உருகுவதில்லை. அணுக்கள் ஓடித் திரும்பிச் சீராக அடுக்காவதற்கு இடமே கிடைப்பதில்லை. நின்ற இடத்திலேயே, கிடைத்த அயலவரோடு பிணைந்துவிடுகின்றன. சிரட்டையின் உயிர்க்கலச் சுவர் எப்படி இருந்ததோ, அந்த உருவம் அப்படியே கரியிலும் நிற்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் நார்க்குழாய்களின் வாய்களைக் காணலாம்.

காபன் அணுவின் வெளியோட்டில் நான்கு இலத்திரன்கள். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அயலணுக்களோடு பிணைகிறது. பிணைப்பின் நீளம் 0.154 நனோமீற்றர், கோணம் 109.5 பாகை. இது எஸ்பி3 வகைப் பிணைப்பு. நான்கு இலத்திரன்களும் பிணைப்பிலேயே பூட்டப்பட்டுவிட்டதால் மின் ஓட எதுவும் மிச்சமில்லை. ஓர் இலத்திரனை விடுவிக்க 5.5 இலத்திரன்வோல்ற்று சக்தி வேண்டும். காரீயத்தில் ஒவ்வோர் அணுவுக்கும் மூன்று அயலவர்தான். ஒரே தளத்தில் 120 பாகைக் கோணத்தில், 0.142 நனோமீற்றர் நீளத்தில், அறுகோணங்களாகப் பிணைகின்றன. இது எஸ்பி2 வகை. நான்காவது இலத்திரன் தாளின் மேலும் கீழும் பரவி, பை இலத்திரன் என்று பெயர் பெற்று, தாள் முழுவதும் உலாவுகிறது. தாளுக்கும் தாளுக்கும் இடைவெளி 0.335 நனோமீற்றர். காரீயம் மின்னைக் கடத்துவதும், கையில் வழுக்குவதும் இதனால்தான். இந்த அமைப்பை எக்ஸ்-கதிர் கொண்டு 1924இல் துல்லியமாக நிறுவியவர் இலண்டன் ரோயல் இன்ஸ்ரிற்றியூஷனில் இருந்த ஜே. டி. பேர்னால் என்ற இளைஞர்.

வைரத்துக்கும் காரீயத்துக்கும் எக்ஸ்-கதிர்ப் படத்தில் கூர்மையான கோடுகள் விழும். சிரட்டைக்கரிக்கு மங்கலான அகன்ற வளையங்கள் மட்டும் விழும். நீண்ட காலம் இதை ஒழுங்கே இல்லாத பொருள் என்று ஒதுக்கி வைத்தார்கள்.

ஆனால் வேலைக்கு எடுப்பதை யாரும் ஒதுக்கவில்லை. 1860களில் பெல்ஃபாஸ்டில் ஜோன் ஹன்ரர் பல மரக்கரிகளை வாயுக்களில் வைத்துப் பார்த்தார். அதிகம் வாயு உறிஞ்சியது தேங்காய்ச் சிரட்டைக்கரி. 1904, 1905 ஆண்டுகளில் இலண்டனில் ஜேம்ஸ் டூவர் அதே சிரட்டைக்கரியைத் திரவக் காற்றில் குளிரவைத்து, கண்ணாடிக் குடுவைகளில் மிஞ்சிய வாயுவை அது விழுங்கும்படி செய்து, அன்றைக்கு மிகச் சிறந்த வெற்றிடங்களை உண்டாக்கினார். 1900ஐ ஒட்டி ரபாயேல் வொன் ஒஸ்ட்ரெய்க்கோ கரியை நீராவியில் சூடாக்கி அதன் நுண்துளைகளைப் பெருக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். 800 பாகைக்கு மேல் நீராவி கரியை அரித்து, காபனோரொட்சைட்டாகவும் ஐதரசனாகவும் போகும். போன இடமெல்லாம் துளை. இப்படி ஆக்கிய செயற்படுத்திய கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு 1000 சதுர மீற்றர் அளவுக்கு இருக்கும். 1915 ஏப்ரல் 22இல் ஈப்ரே களத்தில் ஜேர்மன் படை குளோரீனைத் திறந்துவிட்ட பிறகு இந்தக் கரி படைத்துறைப் பொருளானது. ரஷ்யாவில் நிக்கொலாய் செலின்ஸ்கி கரி முகமூடியை உருவாக்கினார். 1918இல் அமெரிக்கப் பொதுமக்கள் முகமூடிக் கரிக்காகப் பழக்கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அடர்த்தியான, நொறுங்காத தேங்காய்ச் சிரட்டைக்கே முதல் இடம்.

இதெல்லாம் துளையின் கதை. கரிக்குள் ஓடும் மின்னின் கதை எடிசனிடமிருந்து தொடங்குகிறது.

1879 அக்டோபரில் அவருடைய மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்தில் எரிந்த விளக்கின் இழை, கரியாக்கிய பருத்தி நூல். அடுத்த ஆண்டு மூங்கில் இழைக்கு மாறினார். நல்ல மூங்கிலைத் தேடி உலகெங்கும் ஆட்களை அனுப்பினார். அவர்களில் ஜேம்ஸ் ரிக்கால்ற்றன் என்ற நியூ ஜேர்சிப் பள்ளி ஆசிரியர் 1888இல் புறப்பட்டு இலங்கை, இந்தியா, பர்மா என்று அலைந்தார். எங்கள் தீவின் புதர்களுக்குள் அந்த மனிதர் தேடியது, சுட்டபின் சீராக மின் கடத்தும் ஒரு நாரை. அந்த இழையில் மின்பொறியியலாளர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். செப்புக் கம்பியைச் சூடாக்கினால் அதன் தடை கூடும். கரி இழையைச் சூடாக்கினால் தடை குறைகிறது. ஒளிரும் இழையின் தடை குளிர்ந்த இழையின் தடையில் ஏறத்தாழப் பாதி. ஏனென்று எவருக்கும் விளங்கவில்லை. 1905ஐ ஒட்டி ஜெனரல் எலெக்ரிக் ஆய்வுக்கூடத்தின் வில்லிஸ் விற்னி, ஐதரோகாபன் ஆவியில் பூச்சேற்றிய இழைகளை மின் உலையில் மிகக் கடும் சூட்டில் வாட்டினார். அவற்றின் தடை, உலோகத்தைப்போல, சூட்டோடு கூடத் தொடங்கியது. ஜெம் என்ற பெயரில் அந்த விளக்கு விற்பனைக்கு வந்தது. சூடு மாற்றியது பிணைப்பை, பிணைப்பு மாற்றியது மின்னை என்று இன்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். விற்னிக்கு அந்த வரி கிடைத்திருக்கவில்லை.

அந்த வரியைச் சாத்தியமாக்கியவரை உலகம் வேறொரு காரணத்துக்காக அறியும். டி.என்.ஏ.யின் எக்ஸ்-கதிர்ப் படத்துக்காக நினைவுகூரப்படும் ரொசலின்ட் பிராங்ளின், அதற்கு முன் ஒன்பது ஆண்டு கரியோடு வாழ்ந்தவர். 1920இல் பிறந்தவர். 1942இல், போர்க்காலத்தில், இங்கிலாந்தின் நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த கேள்வி எளியது: நிலக்கரிக்குள் துளைகள் எவ்வளவு சிறியவை? விடை தேடிய விதம்தான் அழகு. ஒரே கரித்துண்டின் அடர்த்தியை ஹீலியத்திலும், மெதனோலிலும், ஹெக்சேனிலும், பென்சீனிலும் அளந்தார். சிறிய ஹீலியம் எல்லாத் துளைகளுக்குள்ளும் நுழையும். பருத்த மூலக்கூறுகள் வாசலிலேயே நின்றுவிடும். அளவீடுகள் எவ்வளவு வேறுபட்டன என்பதிலிருந்து துளையின் வாசல் எவ்வளவு ஒடுக்கம் என்று கணக்கிட்டார். சூடு கூடக்கூட வாசல்கள் இன்னும் ஒடுங்குவதையும் கண்டார். 1945இல் கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம்.

1947இல் பாரிசுக்குப் போனார். அங்கே ஷாக் மேரிங் என்ற எக்ஸ்-கதிர் நிபுணரிடம் வேலை. எல்லாரும் பயனற்றதென்று விட்ட மங்கலான வளையங்களைப் பிராங்ளின் எடுத்துக்கொண்டார். கோடு எங்கே விழுகிறது என்பதோடு நிற்காமல், ஒவ்வொரு கோணத்திலும் கதிரின் செறிவு எவ்வளவு என்று பொறுமையாக அளந்து, அதிலிருந்து அணுக்களின் இடத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார். 1950இல் வெளியான கட்டுரையில், பொலிவைனைலிடீன் குளோரைட்டை 1000 பாகையில் கரியாக்கிக் கிடைத்த பொருளுக்கு அவர் தந்த கணக்கு இது: காபனில் 65 வீதம் காரீயம் போன்ற தட்டையான தாள்களில் இருக்கிறது. தாளின் சராசரி விட்டம் 1.6 நனோமீற்றர் மட்டுமே. தாள்களில் பாதிக்குச் சற்று மேல் இரட்டை இரட்டையாக இணையாக நிற்கின்றன, அவற்றின் இடைவெளி 0.37 நனோமீற்றர். மிச்சத் தாள்கள் தனித்தனி. தாள்களில் சேராத 35 வீதக் காபன் ஒழுங்கின்றிக் கிடக்கிறது. மங்கல் படத்திலிருந்து இவ்வளவு எடுக்க முடியும் என்று அதுவரை யாரும் காட்டியதில்லை.

அடுத்த ஆண்டு, 1951இல், ரோயல் சொசைற்றி இதழில் வந்த கட்டுரைதான் நம் கேள்விக்கு விடை. பலவகைப் பொருட்களைக் கரியாக்கி, 3000 பாகை வரை வாட்டிப் பார்த்த பிராங்ளின், கரிகள் இரண்டு குடும்பங்களாகப் பிரிவதைக் கண்டார். ஒரு குடும்பம் காரீயமாகும். அதில் சிறு தாள்கள் ஆரம்பத்திலேயே ஏறக்குறைய இணையாகக் கிடக்கின்றன. சூட்டில் நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்து வளர்கின்றன. இந்தக் கரி மென்மையானது. மற்றக் குடும்பம் காரீயமாகாது. அதன் தாள்கள் எத்திசையும் நோக்கித் தாறுமாறாக நிற்கின்றன. சூடாகத் தொடங்கும் காலத்திலேயே அவற்றுக்கிடையே வலுவான குறுக்குப் பிணைப்புகள் விழுந்துவிடுகின்றன. தாள்கள் நகர முடியாது. இந்தக் கரி கடினமானது, நுண்துளை நிறைந்தது. மூலப்பொருளில் ஒட்சிசன் அதிகமானால், அல்லது ஐதரசன் குறைவானால், இரண்டாவது குடும்பம்தான். ஒட்சிசன் நிறைந்த, உருகாத சிரட்டை அந்தக் குடும்பத்தின் முதல் வரிசையில் நிற்கிறது.

தட்டார் தட்டிக் கேட்கும் ஓசை அந்தக் குறுக்குப் பிணைப்புகளின் விறைப்பு. வாயுவை விழுங்கும் துளைகள், தாறுமாறான தாள்களுக்கிடையே மூட முடியாமல் போன இடைவெளிகள். ஓசையும் துளையும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். பிராங்ளின் அந்த ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போய் டி.என்.ஏ.யில் இறங்கிவிட்டார். 1958 ஏப்ரல் 16இல், 37ஆம் வயதில் இறந்தார். கரி ஆய்வை அவர் வாழ்க்கையின் முன்னுரை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் வேறெதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் இந்த ஒரு கட்டுரை அவரைப் பொருளறிவியலின் முதல் வரிசையில் வைத்திருக்கும். கரியைப் பற்றி இன்று எழுதப்படும் எந்தப் பாடமும் அவருடைய இரண்டு குடும்பங்களிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. 3000 பாகையில்கூட அறுபடாத அந்தக் குறுக்குப் பிணைப்பு என்ன? 1985இல் ஃபுளரீன் என்ற பந்துவடிவக் காபன் மூலக்கூறு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஒரு புதிய விடை எழுந்தது. வாவியில் வீசும் வலையை முடைகிறவர், கண்கள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் வலை தட்டையாக விரியும் என்பதையும், இடையிடையே கண்ணைக் குறைத்தால் அது குவிந்து பையாகும் என்பதையும் அறிவார். காபன் தாளிலும் அப்படியே. அறுகோணங்களுக்கு நடுவே ஓர் ஐங்கோணம் விழுந்தால் தாள் வளைந்துவிடும், ஓர் எழுகோணம் விழுந்தால் சேணம்போல் மறுவிதமாக மடியும். வளைந்த தாளை எவ்வளவு சுட்டாலும் நிமிர்த்த முடியாது. 1997இல் பிரித்தானியாவின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீற்றர் ஹரிஸ், காரீயமாகாத கரிகள் இப்படி வளைந்த தாள்களால் ஆனவை என்று இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களோடு வாதிட்டார். 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, சூட்டில் வாட்டிய செயற்படுத்திய கரியில் ஐங்கோணங்களின் படத்தையே வெளியிட்டார்.

இனி இலத்திரன்கள். 1947இல் பி. ஆர். வொலஸ், கனடாவில் அணுவுலைக் காரீயம் பற்றிய வேலையின்போது, காரீயத் தாளில் பை இலத்திரன்களின் சக்திப் பட்டைகளைக் கணக்கிட்டார். எல்லையற்ற தாளில் நிரம்பிய பட்டையும் வெறும் பட்டையும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். ஆகவே மின் ஓடும். ஆனால் சிரட்டைக்கரியின் தாள் எல்லையற்றதல்ல. தாள் சிறுத்தால் பட்டைகளுக்கிடையே இடைவெளி திறக்கும். பென்சீன் வளையம் ஒன்று மட்டுமே என்றால் இடைவெளி மிகப் பெரிது. பத்து, நூறு வளையங்கள் சேரும்போது அது சுருங்கிக்கொண்டே வரும். 500 பாகையில் எடுத்த கரியில் வளையக் கூட்டங்கள் சிறியவை, விளிம்புகளில் ஐதரசன் ஒட்டியிருக்கும், கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் தொடர்பில்லை. அது மின்கடத்தாப் பொருள். 600இலிருந்து 900 பாகைக்குள் ஐதரசன் கழன்றுபோக, விளிம்புகள் இணைய, தடை பத்தின் பல அடுக்குகளில் சரிந்துவிடும்.

இதைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே பார்க்கலாம். குழியில் எடுத்த கரியில் ஒரு துண்டு. அதே கரியில் இன்னொரு துண்டை மூடியில் ஊசித்துளை இட்ட தகரப்பேணிக்குள் அடைத்து, கொல்லர் உலையில் பேணி செம்மஞ்சளாக ஒளிரும் வரை வைத்து, மூடியபடியே ஆறவிட்டது. பல்மானியின் இரு முனைகளையும் முதல் துண்டில் அழுத்தினால் பெரும்பாலும் முள் அசையாது. இரண்டாவதில் உடனே நகரும். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே உருவம். கண்ணுக்குத் தெரியாத வேற்றுமையைக் கருவி சொல்லிவிடுகிறது. கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்தா வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்த அடிகள், தமிழ்ப் பேராசிரியர் ஆவதற்கு முன் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். அவர் கரையில் வளரும் பிள்ளைகள் இந்தப் பரிசோதனையைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் நன்றாகச் சுட்ட கரியும் உலோகம் அல்ல. 1958இல் பிலிப் அன்டர்சன், ஒழுங்கற்ற அணுக்கூட்டத்தில் இலத்திரன் ஓரிடத்திலேயே சிறைப்பட முடியும் என்று நிறுவினார். 1960களின் இறுதியில் நெவில் மொற், அப்படிச் சிறைப்பட்ட இலத்திரன் வெப்பத்தின் உதவியால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுவதைக் கணக்கிட்டார். சூடு கூடினால் தாவல் கூடும், தடை குறையும். இருவருக்கும் 1977இல் நொபெல் பரிசு கிடைத்தது. எடிசன் இழையின் புதிர் அவிழ்ந்த பாதை இதுதான். அந்தப் புதிரையே ஒரு கருவியாகவும் ஆக்கினார்கள்: குளிர் கூடக்கூடத் தடை ஏறும் என்பதால், வானொலிப் பெட்டியின் சாதாரணக் காபன் தடையியை, திரவ ஹீலியத்தின் கடுங்குளிரை அளக்கும் வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்று 1952இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சிரட்டைக்கரி ஏறக்குறைய முழுவதும் எஸ்பி2 பிணைப்பு. மறுபுறம், எஸ்பி3 நிறைந்த ஒழுங்கற்ற காபனும் உண்டு. 1971இல் ஐசென்பேர்க்கும் ஷாபோவும் காபன் அயன்களை வேகமாக ஒரு பரப்பில் மோதவிட்டு, வைரம்போல் கடினமான மெல்லிய படலத்தைப் படிய வைத்தார்கள். இன்று கணினி வன்தட்டுகளின் மேற்பூச்சு அந்தக் குடும்பம். அத்தகைய படலங்களில் எலும்புக்கூட்டை எஸ்பி3 தாங்குகிறது, மின்னைத் தீர்மானிப்பது எஸ்பி2 கூட்டங்களின் பை இலத்திரன்கள் என்று ஜோன் றொபேட்சனும் ஓ'ரைலியும் 1987இல் காட்டினார்கள். கூட்டத்தின் அளவோடு அதன் கோணலும் முக்கியம் என்பது பின்னைய திருத்தம்.

ஒரு கரித்துண்டில் இந்தக் கூட்டங்கள் எவ்வளவு பெரியவை என்று இன்று சில நிமிடங்களில் அறியலாம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1928 பெப்ரவரி 28இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவுதான் கருவி. கரியில் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், சிதறும் ஒளியில் 1580 செ.மீ⁻¹ஐ ஒட்டி ஜீ பட்டையும் 1350 செ.மீ⁻¹ஐ ஒட்டி டீ பட்டையும் தோன்றும். டீ பட்டை குறைபாட்டின் அடையாளம். குறைபாடற்ற காரீயத்தில் அது வராது. 1970இல் ருயின்ஸ்ட்ராவும் கேனிக்கும் இரண்டு பட்டைகளின் உயர விகிதத்தைப் பளிங்குத் துணுக்கின் அளவோடு இணைத்தார்கள். சிரட்டைக்கரியில் இரண்டும் அகன்று, ஒன்றையொன்று தொட்டபடி நிற்கும்.

இலங்கையில் இந்தப் பொருள் தொழிலாக வேரூன்றியது 1973இல், ஹேகார்ப் நிறுவனம் தொடங்கப்பட்டபோது. அதே ஆண்டு அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் சுரங்கம், கரைசலிலிருந்து தங்கத்தைக் கரித்துகள்களால் பிடிக்கும் முறையைப் பெரும் அளவில் கையாளத் தொடங்கியது. சேற்றோடு சேர்த்துக் கலக்கினாலும் தேயாத கரி வேண்டும். குறுக்குப் பிணைப்புகள் மீண்டும் கைகொடுத்தன. தேங்காய்ச் சிரட்டைக்கரி சுரங்கங்களின் பொருளானது. ஆலைகள் மேற்கே, தென்னை முக்கோணத்தை ஒட்டி வளர்ந்தன. கிழக்கின் கதை வேறு. 1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பின் தென்னைகளில் பெரும்பகுதி ஒரே இரவில் முறிந்து விழுந்தது. பிறகு யுத்தம். பிறகு 2004 டிசம்பர் 26.

ஆழிப்பேரலை எழுவான்கரையின் கிணறுகளில் கடல்நீரை நிரப்பிவிட்டுப் போனது. இங்கே மணலுக்கடியில் மழைநீர் ஒரு மெல்லிய நன்னீர் அடுக்காக உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு மேலேறும். கரி வடிகட்டி இதற்கு உதவாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். குளோரீன், துர்மணம், நிறம், பல சேதனச் சேர்மங்கள் ஆகியவற்றைக் கரியின் துளைகள் பிடிக்கும். சோடியம், குளோரைட்டு அயன்கள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி இறுக்கிக்கொண்டு கரியைக் கடந்து போய்விடும். உப்புக் கிணற்றுக்குக் கரி வடிகட்டியை விற்பது மக்களின் காசை வீணாக்கும் காரியம்.

ஆனால் அதே கரிக்கு ஒரு வோல்ற்றைக் கொடுத்தால் நிலைமை மாறிவிடுகிறது. 1957இல் ஜெனரல் எலெக்ரிக்கின் பெக்கர், துளைக்கரி மின்வாய்களில் மின்னைச் சேமிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய மீகொள்ளளவிகளின் ஆரம்பம் அது. 1960இல் அமெரிக்காவின் பிளெயரும் மேர்பியும் அதே தத்துவத்தால் நீரிலிருந்து உப்பை எடுத்தார்கள். இரண்டு கரித் தட்டுகளுக்கிடையே உவர்நீரை ஓடவிட்டு ஏறத்தாழ 1.2 வோல்ற்று கொடுத்தால், நேர் அயன்கள் ஒரு தட்டின் துளைகளுக்குள்ளும் எதிர் அயன்கள் மறு தட்டின் துளைகளுக்குள்ளும் இழுபட்டுப் போகும். வோல்ற்றை நிறுத்தினால் உப்பு மீண்டும் கழன்று வரும், தட்டு மறுபடி தயார். கடல்நீருக்கு இது கட்டுப்படியாகாது. ஓரளவு உவர்த்த கிணற்று நீருக்கே இது பொருந்தும். எழுவான்கரையின் கோடைக்காலக் கிணறுகள் அந்த வகை.

அந்தத் தட்டுக்கு என்ன கரி வேண்டும்? நுண்துளை வேண்டும், மின் கடத்தவும் வேண்டும். காரீயம் கடத்தும், துளை இல்லை. குழியில் எடுத்த அரைச்சூட்டுக் கரியில் துளை உண்டு, கடத்தாது. காரீயமாக மாற மறுத்து, ஆனால் 900 பாகையில் விளிம்புகளை இணைத்துக்கொண்ட சிரட்டைக்கரியில் இரண்டும் உண்டு. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனம் இந்த வாவியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. சிரட்டை அயலில், உவர்நீர் அயலில். எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம், எந்தத் தோட்டத்துச் சிரட்டை, என்ன தடை, எவ்வளவு உப்பு என்று வரிவரியாக எழுதிய ஓர் ஆய்வுக் குறிப்பேட்டை இங்கே தொடங்குவதுதான் செய்ய வேண்டியது என்று நான் நம்புகிறேன். மூட்டை கட்டி அனுப்பும் சிரட்டையைவிட அந்தக் குறிப்பேட்டின் விலை அதிகம்.

2000ஆம் ஆண்டில் கனடாவின் ஸ்ரீவன்சும் டானும் காரீயமாகாத கரிக்குள் சோடியம் அயன்களைக் கிராமுக்கு 300 மில்லியம்பியர்-மணி அளவில் சேர்த்து வைக்கலாம் என்று காட்டினார்கள். காரீயம் சோடியத்தை அவ்வாறு ஏற்பதில்லை. அந்த அயன்கள் வளைந்த தாள்களுக்கிடையே புகுகின்றனவா, துளைகளை நிரப்புகின்றனவா என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். சோடிய மின்கலமும் அந்த வாதமும் அடுத்த பகுதியில்.